கிறேஸ் வீட்டு வியாழக்கிழமை

அறுபத்து நாலாம் ஆண்டுப் புயல் மாதா கோயிற்கூரையைக் கொண்டுபோன பிறகு, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கிய தெருவான ஒழுங்கையொன்றில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் கிறேஸின் வீட்டில் கூடிச் செபிக்கத் தொடங்கின. கூரை திரும்பப் போட்டாயிற்று. ஞாயிறு பூசைக்கு எல்லோரும் கோயிலுக்கே போனார்கள். ஆனால் வியாழன் பின்னேரம் கிறேஸ் வீட்டுக்கு வருவதை யாரும் விடவில்லை.

கிறேஸ் ஆசுபத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தாள். கணவர் இக்னேசியஸ் துறைமுகத்தில் கப்பற் சாமான் இறக்குபவர். அவர்கள் வீட்டுச் செபம் நீளமானதல்ல. ஒரு பாட்டு, நற்செய்தியில் ஒரு துண்டு, கொஞ்சநேர மௌனம், கர்த்தர் கற்பித்த செபம். பிறகு கிறேஸ் கேட்பாள்: "எங்கட ஒழுங்கையில ஆருக்கு என்ன வேணும்?" அடுத்த வீட்டு ரபீக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது விறகும் தண்ணீரும் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

ஒரு வியாழன், செபத்துக்கு வரும் சீலா சொன்னாள்: "ஞானசேகரத்துக்கு வாதம் அடிச்சிட்டுது. ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. பார்க்க ஒருத்தரும் இல்லை."

ஞானசேகரம் ஒழுங்கை முடிவில் தனியே இருப்பவர். நத்தாருக்குக் கிறிஸ்து பிறப்புப் பாட்டுப் பாடப் போனவர்கள்மேல் நாயை அவிழ்த்துவிட்டவர்.

"அந்தாளுக்கோ?" என்றார் அதே ஒழுங்கையில் இருந்த பேணாட்.

"அவர் நல்லவரெண்டு ஆர் சொன்னது? அவருக்கும் பசிக்குமெல்லோ," என்றாள் கிறேஸ்.

முறை வைத்துக்கொண்டு போனார்கள். காலைக் கஞ்சி கிறேஸின் பங்கு. ஒரு நாள் ஞானசேகரம் நல்ல கையால் கோப்பையைத் தட்டிவிட்டார். சுடு கஞ்சி அவள் கையில் கொட்டியது.

"பிச்சை போட வந்தனியோ?" என்று கத்தினார்.

அவள் நிலத்தைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த வியாழன், கர்த்தர் கற்பித்த செபத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்ற இடம் வந்ததும் கிறேஸின் குரல் நின்றுவிட்டது. மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

"எனக்கு இதைச் சொல்ல ஏலாது. இனி அங்க போகவும் ஏலாது," என்றாள். கண் கலங்கியிருந்தது.

யாரும் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. "நீங்கள் இருங்கோ. நாளைக்கு நான் போறன்," என்றார் பேணாட். செபத்தை விட்ட இடத்திலிருந்து சீலா தொடர்ந்தாள். கிறேஸ் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னால் முடியாததை மற்றவர்கள் தனக்காகச் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு ஆறுதலாயிருந்தது.

கைப்புண் ஆறியது. ஒரு காலை பேணாட்டுக்கு வேலைக்குப் போகவேண்டி வந்ததால் அவளே கஞ்சியோடு போனாள். ஞானசேகரம் அவளுடைய கையைப் பார்த்தார்.

"சுட்டதோ?"

"ஓம், சுட்டது."

"நான் செய்தது பிழை, பிள்ளை." நல்ல கையால் கன்னத்தைத் தடவி, "அந்தப் பேணாட்டை இனிச் சவரத்துக்கு அனுப்பாதை. கன்னத்தை வெட்டிப்போட்டான்," என்றார்.

கிறேஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் கோணிய வாயால் சிரித்தார்.

பிறகு அவர் தடி ஊன்றி நடக்கப் பழகினார். பல வருடம் உயிரோடிருந்தார். குணம் பெரிதாக மாறவில்லை. உயிர்த்த ஞாயிறன்று ஒழுங்கைக்காரர் எல்லோரும் கிறேஸ் வீட்டில் சாப்பிடும்போது, மீன்குழம்பில் புளி கூடிப்போச்சென்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வார். கிறேஸ் இன்னும் ஒரு அகப்பை ஊற்றுவாள். அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.