நிலைக்கு அடியில் கிடந்த காலணா

எங்கள் வீட்டு வாசல் நிலையைப் பெயர்த்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனி ஒன்றில் அப்போது எனக்கு வேலை. வாசலைத் தோண்டிக் காசு பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னால் மேனேஜர் சிரிப்பார். காய்ச்சல் என்று சொல்லி லீவு வாங்கினேன். உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது என்னவோ உண்மைதான், கோபத்தில்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடு இரண்டு கட்டு. முன்கட்டில் பெரியப்பா குடும்பம், பின்கட்டில் நாங்கள். தாத்தா வெள்ளைக்காரன் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு முன்கட்டு மூத்தவருக்கு, பின்னால் கிடந்த வெற்று மனை இளையவருக்கு என்று அண்ணனும் தம்பியும் வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்பா கல்யாணத்துக்குப் பிறகு மில் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பியதுதான் பின்கட்டு. எழுத்தில் எதுவும் கிடையாது. கூடப் பிறந்தவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா இறந்தார். வருஷம் திரும்புவதற்குள் பெரியப்பா புதுக்கதை ஒன்று கொண்டுவந்தார். பின்னால் வெற்று மனையே இருந்ததில்லையாம், பின்கட்டையும் தாத்தாதான் கட்டினாராம். ஆகவே அதில் பாதி அவருக்கு. அப்படியானால் முன்கட்டில் எங்களுக்குப் பாதி உண்டா என்று கேட்டேன். அது மூத்தவன் பங்காம். பின்கட்டு மொத்தமே ஓர் அறை, ஓர் அடுப்படி. அதில் பாதியைக் கொடுத்தால் அம்மாவும் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர், போலீஸில் இருந்து ரிட்டயரான ஏட்டையா, பஞ்சாயத்துக்கு வந்தார். வழி கண்டுபிடித்ததும் அவர்தான்.

"நிலை வைக்கயில அடியில நவதானியமும் காசும் போடுவாகள்ல? காசுல வருசம் இருக்கும். வெள்ளக்காரன் காசுன்னா அய்யா கட்டுனது. சொதந்திரத்துக்குப் பொறவு வந்த காசுன்னா தம்பி கட்டுனது. சோலி முடிஞ்சு போச்சு."

பெரியப்பா உடனே சரி என்றார். நானும் சரி என்றேன். அப்பா கட்டிய வீட்டில் வெள்ளைக்காரன் காசு எப்படி வரும்? அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவள் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நின்றாள். பெரியப்பா இருக்கும் இடத்தில் அவள் நேரே வந்து நின்றதும் இல்லை, அவரிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. தம்பி பெண்டாட்டிக்கு அதுதான் மரியாதை.

பின்கட்டின் நிலை முன்கட்டு முற்றத்தைப் பார்த்து இருந்தது. ஆசாரி கடப்பாரையை விட்டு நெம்பினார். சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. நிலைக்கால் அசைந்து கழன்றது. ஆசாரி குழிக்குள் கைவிட்டுத் துழாவி, மட்கிப்போன துணித் துணுக்கோடு ஒரு வட்டத்தை எடுத்து ஏட்டையாவிடம் கொடுத்தார். பச்சையும் கறுப்புமாக, ஒரு பக்கம் காரை அப்பிக் கிடந்தது.

ஏட்டையா வேட்டி முனையால் துடைத்துத் துடைத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பொம்பள தல தெரியுது. விக்டோரியா ராணிதான். காலணா."

பெரியப்பா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் சொன்னா நம்பமாட்டிய. இப்ப காசு சொல்லுதுல்ல?"

ராணி செத்து எத்தனை காலம்! எங்கள் வாசலுக்கடியில் அவளுக்கு என்ன வேலை? "இத வச்சுல்லாம் வீட்டத் தர முடியாது" என்று கத்தினேன். ஒத்துக்கொண்டுவிட்டு இப்போது கத்தினால் எப்படி என்று ஏட்டையா கேட்டார்.

அப்போது பெயர்த்த வாசலுக்கு உள்ளே, சுவர் மறைவிலிருந்து அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, அந்தக் காச வாங்கு. நான் பாக்கணும்."

கேட்டேன். பெரியப்பா கொடுக்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தபடி, "பாக்க என்ன இருக்கு? அதான் ஏட்டையா பாத்துச் சொல்லிட்டாவல்ல" என்றார். நான் கையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் ஏட்டையாவே, "குடுங்க, செத்த நேரம் பாக்கட்டும்" என்றதும்தான் அந்த விரல்கள் விலகின.

அம்மா அடுப்படியிலிருந்து ஊறிய புளியும் உப்பும் எடுத்துவந்து என் முன்னாலேயே தேய்த்தாள். வெள்ளிக்கிழமைதோறும் செம்புக் குடம் தேய்க்கும் கை. காரை நுரைத்துக் கரைந்தது. ராணியின் மூக்கு வந்தது, கொண்டை வந்தது. கொண்டைக்குப் பின்னால் விளிம்பில் ஓரிடத்தில் வட்டம் இல்லை. நகத்தளவுக்கு நேராக வெட்டி எடுத்திருந்தது. தேய்ந்த ஓரம் இல்லை, உளி வைத்து வெட்டிய ஓரம்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. வெட்டின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, நிலை இல்லாத வாசலைத் தாண்டி, முற்றத்துக்கு வந்து நின்றாள்.

"ஏட்டையா, நெலைக்குச் செப்புக் காசுதான் போடணும்னு கொத்தனார் கேட்டாரு. அப்ப வந்த புதுக்காசு ஒண்ணும் செம்பு இல்ல. பூசப் பெட்டியில இருந்த ஒத்தச் செப்புக் காச எடுத்து நாந்தான் குடுத்தேன். அது எந்தக் காசுன்னு இப்பத்தான் நெனவு வருது. என் தாலிக்குப் பொன்னுருக்குன அன்னிக்கு, தங்கத்துல சேக்கச் செம்பு வேணும்னு பத்தர் இதுலதான் ஒரு துண்டு வெட்டி எடுத்தாராம். மிச்சத்த நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு எங்கையில குடுத்தாவ."

ஏட்டையா காசை வாங்கி வெட்டைத் தடவிப் பார்த்தார். தாலிக்கு வெட்டிய காசு நிலைக்கடியில் கிடந்தால், நிலை வைத்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். தாத்தா அதற்கு எத்தனையோ காலம் முன்பே போய்விட்டாரே. இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பொன்னுருக்கயில கூட இருந்தது யாரு? குடுத்தது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா திரும்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மாமனாரு இல்லைன்னு அவிய எடத்துல நின்னு பொன்னுருக்குனது நீங்கதான் மச்சான். காசு குடுத்ததும் நீங்கதான். வெட்டு இருக்குற எடத்துலதான கட்டவெரல வச்சிருந்திய?"

பெரியப்பா காதுமடல்வரை சிவந்ததைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. இதே மனிதர் சைக்கிள் பாரில் உட்காரவைத்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்.

"அவ வீடுதான்" என்று ஏட்டையாவைப் பார்த்து முனகினார்.

ஏட்டையா செருமிக்கொண்டு, நாள் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றார். கழற்றிய நிலையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஆசாரி கேட்டார்: "நெலைய இன்னிக்கே வச்சிரட்டுமா தாயி? ராத்திரி தொறந்து கெடக்கும்லா."

அம்மா பின்கட்டை ஒட்டி ஓடும் சந்தின் பக்கச் சுவரைக் காட்டினாள்.

"அங்கன ஒடச்சு வாசல் வையிங்க. இந்தப் பக்கத்தச் செங்கல் வச்சு அடச்சிருங்க."

பெரியப்பா பக்கத்தில்தான் நின்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.