பழ ரொட்டியின் ஓரத் துண்டு

"12.8.2004, வியாழன். எஸ்தர் அக்காவின் இன்லண்ட் கடிதம், அடியில் நான்கு வரிகள், இஸ்திரி மேசையில் சேதமாயின. சமையல் குறிப்பு தப்பியது. மதியம் தூறல்."

என் பழைய டைரியில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். தூறலைக்கூட விடாமல் குறித்தவன், கடிதம் யார் கையில் சேதமானது என்பதை மட்டும் குறிக்கவில்லை. இருபது வருடம் கழித்து இதை எடுத்துப் பார்க்க வைத்தது சமையலறை மேடையில் கிடந்த ஆறு பூவன் பழங்கள். தோல் கறுத்து, காம்பு சுருங்கி, தொட்டால் உள்ளே போகும் பதம். மனைவி அவற்றைக் குப்பைக்கு எடுத்துப் போகப் போனாள். இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த வாசனைக்கு எனக்கு ஒரே பொருள்தான்: பழ ரொட்டி.

கடைகளில் இதை பனானா பிரெட் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். எஸ்தர் அக்கா பழ ரொட்டி என்றுதான் சொல்வார். அவருடைய அம்மா கொடைக்கானலில் ஒரு விடுதிச் சமையலறையில் இளவயதில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டது. பிறகு கல்யாணமாகி நாசரேத் பக்கம் வந்து, அடுப்பும் வேறு பழமும் வேறு ஆகி, வெண்ணெய் போய் கடலை எண்ணெய் வந்து, அது அவர்கள் வீட்டு ரொட்டியாகவே மாறிவிட்டது.

நான் அப்போது அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாள். ஆர்டர் பைல்களை அடுக்குவது, துணி மாதிரிகளைத் தேதி போட்டு அட்டையில் ஒட்டுவது, தவறினால் யார் தவறு என்று கண்டுபிடிப்பது. கடைசி வேலையில் எனக்குத் தனிப் பெருமை இருந்தது. எஸ்தர் அக்கா செக்கிங் செக்ஷனின் சூப்பர்வைசர். டேபிளில் விரித்த டி-சர்ட்டில் ஊசி ஓட்டையை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். கணவர் நிட்டிங் மெஷின் ஓட்டினார். இருவரும் தெற்கேயிருந்து வந்து எட்டு வருடம் ஆகியிருந்தும் பேச்சு மாறவில்லை. எங்கள் ஊர் 'ங்க'வைக் கேட்டால் சிரிப்பார். "நாயைக்கூட வாங்க போங்கன்னுதாம்ல கூப்பிடுதீய" என்பார்.

மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்து ரொட்டி சுடுவார். ஓவன் கிடையாது. தடித்த அலுமினியச் சட்டியில் மணலைக் கொட்டி, அதன்மேல் டிபன் டப்பாவை இறக்கி, மூடி, சிறு தீயில் ஒரு மணி நேரம். திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் அது செக்கிங் டேபிளுக்கு வரும். கத்தி வைக்கமாட்டார். ஓவர்லாக் நூலை ஒரு முழம் எடுத்து, இரண்டு கைவிரல்களிலும் சுற்றி இறுக்கி, ரொட்டியின் மேல் வைத்து அழுத்துவார். துகள் சிந்தாமல் துண்டு விழும். நீள்சதுர டப்பா, பன்னிரண்டு துண்டு. அதில் ஒரு ஓரத் துண்டு இஸ்திரி மாஸ்டர் ரங்கசாமி அண்ணனுக்கு என்பது எழுதாத சட்டம். மணல் சூட்டில் பக்கவாட்டில் சிவந்து, கடித்தால் முறுகும் அந்த ஓரம்தான் அவருக்குப் பிடிக்கும்.

ரங்கசாமி அண்ணன் அவிநாசிக்காரர். தினமும் சைக்கிளில் வருவார். டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டுக்கொள்வார். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

ரொட்டியின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எதையும் குறிக்காமல் என்னால் தின்னவும் முடியாது. அக்கா மனதிலிருந்து சொன்னார்: மைதா இரண்டு டம்ளர், சர்க்கரை முக்கால், எண்ணெய் அரை, முட்டை இரண்டு, கறுத்த பழம் ஆறு, ஆப்பசோடா அரை ஸ்பூன், ஏலக்காய் நாலு. எந்த டம்ளர் என்று கேட்டேன். எங்க வீட்டு டம்ளர் என்றார். அது போதாது எனக்கு. மறுநாள் அந்த டம்ளரையும் ஒரு பொட்டலம் மைதாவையும் கொண்டுவரச் சொல்லி, துணியின் ஜிஎஸ்எம் என்னும் எடைக்கணக்கைப் பார்க்கும் சின்னத் தராசில் தவணை தவணையாக நிறுத்தேன். தராசு முழுக்க மாவு. அக்கா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"ஏ தம்பி, இதென்ன பனியன் துணியா, ஜிஎஸ்எம் பாக்கதுக்கு? வெளிநாட்டுக்காரன் வந்து ரொட்டிய அப்ரூவல் பண்ணப் போறானோ?"

அன்று முழுவதும் செக்கிங் செக்ஷன் என்னை 'ரொட்டி மெர்ச்சண்டைசர்' என்று அழைத்தது. ஆனால் அந்தக் கிறுக்கினால்தான் என்னிடம் அவருக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். எதையும் பத்திரமாக வைப்பவன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவர் தன் பைபிளுக்குள்ளிருந்து ஒரு இன்லண்ட் கடிதத்தை எடுத்து வந்தார். இன்லண்ட் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது: நீல நிறத் தாள், மடித்து ஒட்டினால் அதுவே உறை. இடம் போதாமல் மடிப்பின் ஓரங்களிலெல்லாம் சாய்த்து எழுதுவோம். அது அவருடைய அம்மா எழுதிய கடைசிக் கடிதம். போனில் சொன்னால் மறந்துவிடுவாய் என்று ரொட்டிக் குறிப்பை எழுதி அனுப்பியவர், சில மாதத்தில் இறந்துபோனார். அக்காவின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. தங்கைக்கு இந்தக் கடிதத்தின் நகல் வேண்டும்.

"குறிப்ப நானே எழுதிக் குடுத்திருவேன். ஆனா அவகிட்ட அம்மா கையெழுத்து ஒண்ணுகூட இல்ல தம்பி. பூராத்தையும் ஜெராக்ஸ் எடுத்துத் தா. நாளைக்குச் சாயங்காலம் எங்க அண்ணன் ஊருக்குப் போறாரு, குடுத்து விடணும்."

கடிதத்தின் நடுவில் குறிப்பு இருந்தது. கீழே, ஒட்டும் மடிப்பின் மேல், நெருக்கமாக நான்கு வரிகள். ஒரு தாய் மகளுக்கு எழுதியது, நாம் படிக்கக்கூடாது என்று கண்ணைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அது. அதற்காகவும் பிறகு வருந்தினேன்.

பழைய தாளை அப்படியே ஜெராக்ஸ் எடுத்தால் மடிப்பெல்லாம் கறுப்புக் கோடாக விழும். எழுத்தின் மேல் விழுந்தால் படிக்க முடியாது. பைல்களில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவனுக்குச் சுருக்கத்தைக் கண்டால் வேறென்ன தோன்றும்? மறுநாள் காலை, ஷிப்ட் தொடங்கியதும் கடிதத்தை எடுத்துக்கொண்டு இஸ்திரி மேசைக்குப் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாய்லர் போட்ட கையோடு ஸ்டீம் அயர்னைத் தொடக்கூடாது. குழாய் சூடாகும் வரை அதில் நீராவியோடு தண்ணீரும் வரும். திடீரென்று துப்பும். அதனால் தினமும் முதல் பத்து நிமிடம் வேஸ்ட் துணியை மட்டும் தேய்த்து, துப்பல் நின்ற பிறகுதான் பீஸைத் தொடுவார்கள். இந்த விதி சுவரில் ஒட்டியிருந்தது. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில், அழகாக, தேதியோடு. எழுதியது நான்.

ரங்கசாமி அண்ணன் அப்போதுதான் வால்வைத் திறந்திருந்தார். கடிதத்தைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, தானே பக்குவமாகச் செய்து தருவதாகச் சொன்னார்.

"வேஸ்ட் துணி எடுத்துட்டு வந்தர்றேன் கண்ணு. அதுவரைக்கும் தொட வேண்டாமுங்க."

அவர் போய் வர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு அன்றைய ஆர்டர் பைலை முடிக்கும் அவசரம். கடிதத்தின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டு, அயர்னை நடுப்பகுதியில் லேசாக ஓட்டினேன். மடிப்பு சுகமாகப் படிந்தது. அந்தத் தைரியத்தில் கீழே இறக்கினேன். ஒரு இருமல் போலச் சத்தம். துணி நனைந்தது. பதறித் தூக்கினால் நான்கு வரிகளும் ஒரே நீலக் கறை. பேனா மை, துணியிலும் கொஞ்சம் ஏறியிருந்தது. சாயத் தண்ணீர் ஓடிய காலத்து நொய்யல் ஆற்றில் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

ரங்கசாமி அண்ணன் கை நிறைய வேஸ்ட் துணியோடு வந்து பக்கத்தில் நின்றார். அயர்னை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். அந்த நேரத்தில்தான் எஸ்தர் அக்கா, ஜெராக்ஸ் ஆயிற்றா என்று கேட்க வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம், அயர்னின் பிடியில் கை வைத்தபடி மாஸ்டர். இந்தப் பக்கம், தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான்.

"அயர்ன் தண்ணி துப்பிருச்சுங்க அக்கா" என்றேன்.

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?"

ரங்கசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கறையைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. கடைசியில் அவர்தான் பேசினார். "தப்பாப் போச்சுங்க அம்மிணி."

அக்கா அழவில்லை, சத்தம் போடவில்லை. என்ன எழுதியிருந்தது என்பது தனக்கு மனப்பாடம் என்றும் எழுத்துதான் போய்விட்டது என்றும் என்னிடம் மட்டும் சொன்னார். மேல்பாதியை ஜெராக்ஸ் எடுத்தேன். நன்றாக வந்தது, ஒரு மடிப்புக் கோடு இல்லாமல்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை ரொட்டி வந்தது. நூலை இறுக்கி அறுத்தார். ஓரத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "நீயாவது நல்லது செய்யணும்னு நெனச்ச" என்றார். இஸ்திரி மேசைக்குத் துண்டு போகவில்லை. நான் அதைத் தின்றேன். முறுகலாக இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று டைரியில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன். 'இன்று அக்காவிடம் சொல்ல வேண்டும்.' மறுநாள் பக்கங்களில் ஷிப்மென்ட் விவரம்தான் இருக்கிறது. ஒரு நாள் ரங்கசாமி அண்ணனிடம் மட்டும் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது ரொட்டியைப் பற்றி.

"உடுங்க கண்ணு. எனக்குச் சக்கரை. டாக்டரே இனிப்பு வேண்டாம்னுட்டாரு."

அன்று டீயிலும் இரண்டு ஸ்பூன் கூடப் போட்டுத்தான் குடித்தார். எனக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

இப்படியே இரண்டரை வருடம் போயிற்று. விடுப்பு நாட்கள் போக இருபத்தாறு முறை அந்த ஓரத் துண்டைத் தின்றிருக்கிறேன். எண்ணிக்கை சரிதான், டைரியில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இதோடு கடைசி, சொல்லிவிட்டுத்தான் அடுத்தது என்று நினைப்பேன். பாசத்தோடு கையில் வைக்கும்போது எப்படிச் சொல்வது என்று அப்புறம் ஒரு சமாதானம் கிடைத்துவிடும். ஆர்டர்களில் தவறு யாருடையது என்று கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் திறமையாகச் செய்துகொண்டிருந்தேன்.

2007 தொடக்கத்தில் அக்காவின் கணவருக்குத் தூத்துக்குடியிலேயே வேலை கிடைத்தது. அவர்கள் கிளம்பியபோது நான் ஊரில் இல்லை, இன்ஸ்பெக்ஷனுக்காகச் சென்னை போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் மேசையில் ஒரு துண்டு காகிதத்தில் முகவரி மட்டும் இருந்தது. நான்கு வருடம் தள்ளிப்போட்டு, நடந்ததை எழுதி அந்த முகவரிக்கு அனுப்பினேன். வீடு மாறிவிட்டார்கள் என்று தபால்காரரின் குறிப்போடு திரும்பி வந்தது. பிரிக்காமல் வைத்திருக்கிறேன். ரங்கசாமி அண்ணன் அதற்கு முந்தின வருடமே தவறிவிட்டார். அவிநாசிக்குப் போய்த் துக்கம் கேட்டேன். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததா என்று அவர் மனைவியிடம் கேட்க நா எழவில்லை.

கம்பெனி கைமாறி, மூடி, அந்தக் கட்டடம் இப்போது சாமான்கள் அடுக்கும் கிடங்காகிவிட்டது. பாய்லர் இருந்த இடத்தில் வேன்கள் நிற்கின்றன. என் சிவப்பு எழுத்து ஒட்டியிருந்த சுவரை இடித்துவிட்டார்கள். தபால் நிலையத்தில் போன மாதம் இன்லண்ட் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், எதற்குங்க என்று கேட்டாள்.

இன்று ரொட்டி நன்றாகவே வந்தது. நிறுத்துப் போட்டேன், பழைய கணக்குப்படியே. மகள் வாங்கிய ஓவனில் நாலு பக்கமும் ஒரே மாதிரி சிவக்கிறது. ஓரத்துக்கென்று தனி முறுகல் இல்லை. நூலால் அறுத்தேன். மகள் விநோதமாகப் பார்த்தாள்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அக்கா கம்பெனிக்குக் கடைசியாக வந்துபோன நாளில் நேராக இஸ்திரி மேசைக்குப் போனார் என்றும், ரங்கசாமி அண்ணனிடம் காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார் என்றும், இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும் ஒரு டெய்லர் பின்னாளில் என்னிடம் சொன்னார். காகிதத்தில் எண்ணெய் ஊறியிருந்ததாம். அது பழ ரொட்டி என்றால், அக்காவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து தெரியும், தெரிந்தபின் எத்தனை முறை எனக்கு அந்த ஓரத் துண்டைக் கொடுத்தார் என்பது அடுத்த கேள்வி. பொட்டலத்தைப் பார்த்ததாகச் சொன்னவர் அந்த டெய்லர் ஒருவர்தான். உள்ளே என்ன இருந்தது என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.