அந்த சீட்டில் இருந்தவர்கள்

கடலூரில் ஒரு இறால் ஏற்றுமதி கம்பெனிக்கு ஆள் எடுப்பது என் வேலை. பில்லிங் சீட் ஒன்றுக்கு ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாக இன்டர்வியூ நடத்திக்கொண்டிருந்தேன். முடிவில் வழக்கம்போல், “நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்றேன். எல்லோரும் சம்பளத்தைத்தான் கேட்பார்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த பெண் மட்டும், “இதுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவுங்க ஏன் சார் போனாங்க?” என்றாள்.

“சொந்தக் காரணம்” என்றேன். ராஜினாமா கடிதங்களில் அப்படித்தான் இருந்தது. அவள் போனதும் விண்ணப்பத்தின் மூலையில் ‘வாய் ஜாஸ்தி’ என்று எழுதி ஒதுக்கிவைத்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடைசியாக வேலையை விட்ட கிள்ளைப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

“ஏழரைக்கு விடுவீங்க சார். நான் சிதம்பரம் வர்றதுக்குள்ள எங்கூரு கடைசி பஸ் போயிடும். தெனம் எங்கப்பாதான் வண்டி எடுத்துட்டு வந்து நிப்பாரு. அவருக்கு ஒடம்பு முடியாமப் போச்சு, வேலைய விட்டு நின்னுட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கவே இல்லையே சார்.”

மறுநாள் பரங்கிப்பேட்டைப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். வேலை அவளுக்குத்தான் என்றும் சொன்னேன். அவள், “அந்த டைமிங்க மாத்திட்டீங்களா சார்?” என்றாள்.

மாற்றவில்லை. “லைன்லயே இரும்மா” என்று சொல்லிவிட்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

பன்னிரண்டு வருடமாக ஆள் எடுக்கிறேன். யார் எப்படி வீடு போய்ச் சேருகிறார்கள் என்று அன்றுவரை நான் கேட்டதில்லை.