“இது எதைத் திருத்துகிறது” என்கிற வரி

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் துருவி. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்தது. ஒருநாள் யாரோ கேரட் சீவுகிற துருவி ஒன்றை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அதைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். நல்ல எஃகு, விடுவானேன்?

பதினாறு வருஷமாக அவள் பார்ப்பது கெர்னல் வேலை. ஒரு பெரிய கணினிக்குள் பத்துப் பன்னிரண்டு கணினிகள் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தும். ஒவ்வொன்றும் முழு வீடும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்தக் குடித்தனக் கணினியின் அடிவயிற்றில் ஓடுகிற நிரல்தான் கெர்னல்.

ஆறு வாரத்துக்கு முன்னால், ஒரு ஸ்கேன் மையத்தின் படங்கள் கெட்டுப்போயின. ஒருவர் நெஞ்சுப் படத்தின் நடுவில் எங்கிருந்தோ வந்த குப்பை. மதியமே அவளுடைய குழுத் தலைவர் அவள் பெயரைப் போட்டு இருபத்து மூன்று பேருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்: ஆறு மாதத்துக்கு முன் இவர் கவனக்குறைவாகச் செய்த மாற்றமே காரணம். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீக்கிரமே அவளை உதவிக்குறிப்பு எழுதும் பிரிவுக்கு மாற்றப்போவதாக, தேநீர் இயந்திரத்தின் முன்னால் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவள் செய்த மாற்றம் இவ்வளவுதான். தரவு வந்து இறங்குகிற தற்காலிக இடத்தை நினைவகத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நகர்த்தியிருந்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஆறு வாரம் துருவினாள்.

கிடைத்தது. கெர்னல் தனக்குள் புழங்குகிற முகவரி ஒன்று. வெளியே இருக்கிற பெரிய கணினிக்குச் சொல்ல வேண்டிய முகவரி வேறு. நினைவகத்தை வரிசையாக அடுக்கியிருக்கிற பகுதியில், ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழித்தால் போதும், இதிலிருந்து அது வந்துவிடும். துண்டு துண்டாகச் சேர்த்த பகுதியில் கழிக்கக் கூடாது. பட்டியலைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் ஒன்றையும் பார்க்காமல் எல்லா இடத்திலும் கழித்துவைத்திருந்தான். ஒன்பது வருஷமாக அது தற்செயலாகச் சரியாக வந்துகொண்டிருந்தது. இவள் இடத்தைத் துண்டுப் பகுதிக்கு நகர்த்தியதும் சாயம் வெளுத்துவிட்டது. எழுதியது யார் என்று வரலாற்றைப் புரட்டினாள். குழுத் தலைவர்.

திருத்தம் ஒரே வரி. ஆனால் திருத்தத்தின் அடியில் இன்னொரு வரி எழுதுவது இந்தத் தொழிலில் முறை: இது எந்தப் பழைய மாற்றத்தைத் திருத்துகிறது, அதன் எண் என்ன, அதை எழுதியவர் வைத்த தலைப்பு என்ன. பழைய பதிப்புகளைப் பராமரிக்கிறவர்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் திருத்தத்தை எடுத்துக்கொள்வார்கள்.

தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்.

“திருத்தம் பிரமாதம்மா. அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாமே. ‘மேம்பாடு’ன்னு போட்டுடுங்க.”

“மேம்பாடுன்னு போட்டா பழைய பதிப்புக்குப் போகாது சார். ஸ்கேன் மையத்துல ஓடுறது பழைய பதிப்பு.”

“அவங்களுக்குத் தனியா கொடுத்துக்கலாம்.”

“மத்தவங்களுக்கு?”

அவர் பேனா மூடியைத் திருகினார். “ஒன்பது வருஷம் முன்னாடி ஏதோ அப்படி நேர்ந்துபோச்சு. அதைப் போய் இப்ப கிளறணுமா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் செய்தால் ‘செய்தார்’. அவர் செய்தால் ‘நேர்ந்துபோச்சு’. கவனக்குறைவுக்குக்கூட ஆள் பார்த்துத்தான் இலக்கணம் போலிருக்கிறது.

“யோசிச்சுச் சொல்றேன் சார்,” என்று எழுந்து வந்தாள். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

வீட்டில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். சான்றிதழ்களோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவள். துருவி கொட்டித் தீர்த்ததை எல்லாம் தலையணை உறையை உதறியபடியே கேட்டாள்.

“ஏண்டி, நாங்க ஒரு பேரைத் திருத்தினா பழைய எழுத்து தெரியுற மாதிரி கோடு போட்டுத்தான் திருத்தணும். பக்கத்துல கையெழுத்து. வெள்ளை பூசினா அந்தக் காகிதமே செல்லாது.”

“அதையேதாங்க்கா நானும் சொல்றேன்.”

“அவர்கிட்ட சொன்னியா?”

“யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

“இதுல யோசிக்க என்ன கிடக்கு? என் தம்பி பொண்டாட்டி மாதிரி... சரி, நீதான் அது. அந்த முனையைப் பிடி, போர்வையை மடிக்கணும்.”

மறுநாள் காலை, அந்த வரியோடு திருத்தத்தை, கெர்னல்காரர்கள் எல்லாரும் படிக்கிற பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினாள். தலைவர் பெயரை அவள் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை. பழைய மாற்றத்தின் எண்ணைத் தட்டினால் அதுவே வந்து நிற்கும். மூன்றாம் நாள் பழைய பதிப்புக்காரர் ஒருவர் பதில் போட்டார்: ஐந்து பதிப்புகளுக்கு எடுத்துக்கொண்டேன். நன்றிகூட இல்லை. அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

போதாதது ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை தலைவர் அவள் மேசைக்கே வந்தார். இத்தனை வருஷத்தில் இரண்டாவதோ மூன்றாவதோ தடவை.

“ஸ்கேன் மையம் பத்தின அறிக்கையை மாத்திட்டேன்மா. உங்க பேர் இப்ப அதுல இல்லை. அந்த மாற்றல் பேச்சும் கிடையாது.”

“முதல் மெயில் இருபத்து மூணு பேருக்குப் போச்சு சார். மாத்தினது யார் யாருக்குப் போச்சு?”

“அது... கோப்புல இருக்கு. வேணுங்கறவங்க பார்த்துக்குவாங்க.”

“வேணும்னு அவங்க கேட்டா முதல் மெயிலை அனுப்பினீங்க?”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கணினியில் அந்தப் பழைய மின்னஞ்சலைத் திறந்து, ‘அனைவருக்கும் பதில்’ என்பதை அழுத்திக் காட்டினாள்.

“இருபத்து மூணு பேரும் இதுல இருக்காங்க சார். உங்க மேசையிலயும் இதே பொத்தான்தான்.”

அவர் தம் அறைக்குப் போனார். மணி நாலரைக்கு இருபத்து மூன்று பேருக்கும் மின்னஞ்சல் வந்தது. பழைய நிரலில் தவறு ‘நேர்ந்தது’ என்றுதான் எழுதியிருந்தார். அவள் அந்த ஒரு சொல்லைச் சிவப்பாக்கி, ‘யாரால்?’ என்று பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினாள், அனைவருக்கும்.