ஆயுத பூஜையும் நீலச் சட்டையும்

தான் வேலை பார்த்த கம்பெனியின் கதையைச் சொல்லத் தொடங்கினால் எங்கள் அப்பாவுக்கு நிறுத்தத் தெரியாது. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரக் கம்பெனி அது. ஆனால் அப்பா வாயால் கேட்டால் தாத்தா வைத்துவிட்டுப் போன சொத்து என்றே தோன்றும். "நாம மொதல்ல தண்டையார்பேட்டைல ஒரு ஷெட்டுல கப்பல் பம்பு ரிப்பேரு பாத்துகினு இருந்தோம்" என்பார். அப்போது அவர் பிறக்கவே இல்லை. பிறகு திருவொற்றியூரில் சொந்தமாக பம்பு செய்து, எர்ணாவூரில் இன்னொரு ஷெட் போட்டு, கடைசியில் கம்பெனி தன் சொந்த நாட்டில் விற்பதைவிட இங்கே அதிகம் விற்றது என்று வரும்போது அப்பா நிமிர்ந்து உட்காருவார்.

"அவ்ளோ பம்பு வித்தீங்களே, நம்ப கொழாயில தண்ணி வருதா பாரு" என்பாள் அம்மா.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது கம்பெனி இன்னும் வளர்ந்தது. ஊருக்கு வெளியே, வெகு தூரத்தில் ஒரகடத்தில் பெரிய ஃபேக்டரி எழும்பியது. இங்கிருந்து கொஞ்சம் பேரைத்தான் அங்கே அழைத்துக்கொள்வார்கள், பழைய ஷெட்டுகளை மூடிவிடுவார்கள், யார் யார் என்பது ஆயுத பூஜை அன்று தெரியும் என்று பேச்சு அடிபட்டது. அன்றிலிருந்து அப்பா கதை சொல்வதை விட்டுவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார்.

எனக்கு வேறு கவலை. ஷெட் மூடுவதெல்லாம் என் காதில் ஏறவில்லை. ஒரகடம் போனால் கல்மண்டபத்து வீடு போகும், பள்ளிக்கூடம் போகும், பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவையும் பிரிய வேண்டும். தினமும் பள்ளி விட்டதும் கோயிலில் அந்தோணியார் சிலை முன்னால் முழங்காலில் நின்று, அப்பாவுக்கு ஒரகடம் வேண்டாம் என்று மன்றாடினேன். சில நாள் அம்மாவும் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்றையே கேட்கிறோம் என்று எனக்குத் தெம்பாக இருந்தது.

ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், இருந்தாலும் அப்பா தன் லேத்து மிஷினுக்குச் சந்தனம் வைக்காமல் விட்டதில்லை. அன்று துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். பூசணிக்காய் உடைத்ததும், வெளிநாட்டிலிருந்து வந்த டைரக்டர் நெற்றியில் குங்குமத்தோடு மேடையேறினார். அவர் பேசப் பேச மேனேஜர் தமிழில் சொன்னார். எல்லாம் அப்பா சொன்ன கதைதான். எனக்கு மனப்பாடம்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பொரியும் இனிப்புப் பெட்டியும் கொடுத்தார்கள். ஒரகடத்துக்கு எடுத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் கூடவே ஒரு புது நீலச் சட்டை என்று மேனேஜர் சொன்னார். அப்பாவோடு வேலை பார்த்த என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, சட்டை கிடைத்தது. அவர் எங்கள் பக்கம் பார்க்காமல் போய் உட்கார்ந்தார். அம்மா என் கையை வலிக்கிற மாதிரி பிடித்தாள்.

அப்பாவின் முறை வந்தது. டைரக்டர் மற்றவர்களைவிட அவர் கையை நெடுநேரம் குலுக்கினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பெட்டி வந்தது, பொரி வந்தது. அதற்குப் பிறகும் அப்பா கொஞ்ச நேரம் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். மேனேஜர் மெல்ல அவர் தோளைத் தொட்டதும் இறங்கி வந்தார்.

நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"ஒரகடம் போவ வேணாம்ல நைனா?"

"வேணாம் கண்ணு."

"எப்பவுமே வேணாமா?"

"எப்பவுமே வேணாம்."

திரும்பும்போது பஸ்ஸில் பொரிப் பொட்டலம் என் மடியில் இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து சீட்டு பூக்காரம்மாவுக்கு ஒரு கை பொரி அள்ளிக் கொடுத்து, "எங்க நைனாவ கம்பெனில எங்கியும் அனுப்பலியே" என்றேன்.

"நல்லதாப் போச்சும்மா" என்றார் அவர்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்தபோது அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு முன் சீட்டுக்கும் கண்டக்டருக்கும் பொரி கொடுத்தேன். கல்மண்டபம் வருவதற்குள் பாதி பஸ்ஸுக்கு எங்கள் வீட்டு நல்ல செய்தி தெரிந்துவிட்டது.