முருங்கையின் அலைவரிசை

காற்றுக்கு வருடாவருடம் பணம் கட்டுகிறவள் என்று அல்லிநகரத்தில் எங்கள் தெருவே என்னைக் கேலி செய்யும். "காத்தாடிதான் காத்துல ஓடுது, நீ பேசுறதுக்கும் காத்துக்கு வாடகையா?" என்று பக்கத்து மளிகைக் கடைக்காரர் கேட்காத நாள் குறைவு. நானும் வாயை மூடிக்கொண்டு வருகிற ஆள் இல்லை. "ஓசியில பேசுறவுகளுக்கு இதெல்லாம் எங்கன புரியப் போகுது" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அலைவரிசை என்ற ஒன்றை நான் கண்ணால் கண்டதே இல்லை. எங்கள் வாக்கி டாக்கிகளுக்கு உரிமம் வருகிறது, அதில் ஓர் எண் இருக்கிறது, அந்த எண்ணில் இந்த உலகத்தில் நாங்கள் மட்டும்தான் பேசுவோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நானும் என் தம்பியும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் ஒப்பந்த வேலை செய்கிறோம். வைகை அணையிலிருந்து ஆண்டிபட்டிக்குப் போகிற வழியில், கரட்டு மேட்டில் நிற்கிற பழைய காத்தாடிகள் எங்கள் பொறுப்பு. அவற்றுக்கு முதலாளிகள் வைத்த எண்கள் உண்டு. எங்கள் ஆட்கள் ஒருவர்கூட அந்த எண்களைச் சொன்னதில்லை. காத்தாடி முளைப்பதற்கு முன்பு அந்த நிலத்தில் எது விளைந்ததோ அதுதான் பெயர். நெல்லி, எள்ளு, கடலை, முருங்கை. மேட்டின் நெற்றியில் தனியாக நிற்பதுதான் முருங்கை.

செல்போன் இருக்கும்போது வாக்கி டாக்கி எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கிரீஸ் அப்பிய கையோடு உச்சியில் இருப்பவன் போனை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. செட் நெஞ்சில் தொங்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். ஆன்லைனில் மலிவு செட் வாங்கினால் உரிமமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று ஆசை காட்டியவர்களும் உண்டு. நான் மசியவில்லை. மேலே ஏறுவது என் கூடப் பிறந்தவன்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. மேலே இயந்திரத்துக்குள் கையை விடுகிறவர் முதலில் காத்தாடியின் பெயரைச் சொல்லி "கை உள்ள" என்பார். எடுத்ததும் "கை வெளிய" என்பார். அதைக் கேட்காமல் கீழே பேனல் அருகில் நிற்கும் ஃபிட்டர் பிரேக்கைத் தொட மாட்டார். காற்றே இல்லாவிட்டாலும் பிரேக்கை விட்டால் இறக்கை தன் கனத்தில் கொஞ்சம் நகரும். அது கொஞ்சம் நகர்ந்தால் உள்ளே இருக்கும் தண்டு பல சுற்றுச் சுற்றிவிடும். விரல் போவதற்கு ஒரு சுற்றுக்கூட வேண்டாம்.

செட்டிலும் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். அலைவரிசையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர் செட் வாயைத் திறக்காது. பொத்தானை அமுக்கினால் 'பீப்' என்று மறுத்துவிடும். எங்கள் வீட்டு ஆண்களுக்கும் இப்படி ஒன்று வைத்தால் தேவலை என்று நான் சிரித்ததுண்டு.

காற்றுக் காலத்தில் காத்தாடியை நிறுத்த விடமாட்டார்கள். அதனால் பராமரிப்பு வேலையெல்லாம் மாசி, பங்குனியில்தான். விடிந்தும் விடியாமலும், ஓர் இலைகூட அசையாத நேரமாகப் பார்த்து ஏறுவோம். அந்த வருடம் அப்படிப்பட்ட காலைகளில்தான் அந்தக் குரல் வர ஆரம்பித்தது. "தூக்கு, தூக்கு. இன்னுங் கொஞ்சம். எறக்குலே மெதுவா." அடுத்த அறையில் நின்று பேசுவது போல் அத்தனை தெளிவு. வெயில் ஏறினால் ஆளைக் காணோம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. பணம் கட்டுவது நான், பேசுவது எவனோ. பேச்சு தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சாக இருந்ததால், அங்கிருந்து கிரேன் வேலைக்கு ஏதோ ஒரு கூட்டம் நம் வட்டாரத்துக்கு வந்திருக்கிறது, மலிவு செட்டை வைத்துக்கொண்டு விளையாடுகிறது என்று முடிவு கட்டினேன். ஆண்டிபட்டியில் கிரேன் வாடகைக்கு விடுகிற இடத்தில் போய்ச் சண்டைகூடப் போட்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிறகு அந்தக் காலை. தம்பி முருங்கையின் உச்சியில் இருந்தான். நான் அடிவாரத்தில் வண்டிக்குள், செட்டுக்குப் பக்கத்தில். "முருங்கை, கை வெளிய, பிரேக்க விடலாம்" என்று சொல்லிவிட்டான். ஃபிட்டர் பிரேக்கை விடப் போனார். அந்த நொடியில், உள்ளே ஒரு ஸ்பேனரை விட்டுவிட்டது தம்பியின் கண்ணில் பட்டிருக்கிறது. யோசிக்காமல் கையை விட்டுவிட்டான். கை உறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. பொத்தானை அமுக்கினால் 'பீப்'. எவனோ பேசிக்கொண்டே இருக்கிறான். மறுபடி அமுக்கினால் மறுபடி 'பீப்'. அந்தக் குரல் மூச்சு விட்ட ஓர் இடைவெளியில் இவன் ஏதோ கத்த, என் செட்டில் வெறும் கரகரப்புத்தான் விழுந்தது.

அடுத்த கணம் அந்த அந்நியக் குரல் அதட்டியது. "நிப்பாட்டுலே! யாரும் பேசாதிய!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என் அலைவரிசையில் புகுந்துகொண்டு என்னையே பேசாதே என்கிறானே! நல்ல வார்த்தையாக நாலு கேட்கலாம் என்று செட்டை எடுத்தேன். அதற்குள் தம்பியின் குரல் வந்துவிட்டது. "முருங்கை! கை உள்ள! கை உள்ள!" ஃபிட்டர் சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். பிரேக் பாதி விட்ட நிலையில் நின்றது.

கூட ஏறியிருந்தவர் கை உறையைக் கிழித்து அவன் கையை எடுத்தார். எல்லா செட்டையும் அணைக்கச் சொல்லிக் கத்தி, எல்லோரையும் கீழே இறக்கினேன். தம்பியின் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு அழுதுவிட்டேன். "விடுக்கா, அதான் ஒண்ணும் ஆகலையே" என்றான்.

அலைவரிசை அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். அவர்கள் வரும்வரை ஒருவரையும் ஏற விடவில்லை.

வந்தவர் என்னைவிட வயதில் இளைய ஒரு பெண் அதிகாரி. கூரையில் கம்பிகள் முளைத்த ஜீப்பில், சொன்னபடி விடியற்காலையிலேயே மேட்டுக்கு வந்துவிட்டார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் ஒரு திரையைத் திறந்து, "வந்து பாருங்கம்மா" என்றார்.

நான் பார்த்தேன். கறுப்புத் திரையில் பச்சையும் மஞ்சளுமாகக் கோடுகள் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கோடும் யாரோ ஒருவர் பேசுவது என்றார். மில்லில் பேசுகிறார்கள், லாரி செட்டில் பேசுகிறார்கள், மலைத் தோட்டத்தில் பேசுகிறார்கள். யார் எது என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், அதனதன் இடத்தில் அத்தனை பேச்சும் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே அணைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது, ஆகாயத்தில் ஒன்றுமே இல்லை. இவ்வளவு காலம் இத்தனை பேருக்கு நடுவில்தான் நின்று கத்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இதாங்க உங்க எண்" என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கேயும் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. எங்கள் செட்டுகள் எல்லாம் அணைந்துதான் இருந்தன.

ஜீப்பின் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கடைசியில் தென்கிழக்கைக் காட்டி நின்றது. "இவங்க இங்க இல்லம்மா. கடற்கரையில, தூத்துக்குடிப் பக்கத்துல உப்பு மூட்டை ஏத்துற ஒரு யார்டு. அவங்களும் உரிமம் வாங்கித்தான் பேசுறாங்க."

"என் எண்ண அவுகளுக்கு யாரு குடுத்தாக?"

"நாங்கதான் குடுத்தோம். ரொம்பத் தூரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரே எண்ணைத்தான் கொடுப்போம். இல்லன்னா நாட்டுல எத்தனை பேருக்கு எண் பத்தும்? சாதாரணமா அவங்க குரல் உங்ககிட்ட வராது. இந்த மாதிரி காத்தே இல்லாத காலையில கீழ குளிர்ச்சியும் மேல சூடுமா காத்து அடுக்கடுக்கா நிக்கும். ரெண்டு கரைக்கு நடுவுல வாய்க்கால் தண்ணி ஓடுற மாதிரி குரல் அதுக்குள்ள ஓடி வந்துடும்."

நாங்கள் ஏறுவதற்காகத் தேடிப் பிடிக்கிற அதே அசையாத காலை. அதில்தான் கடற்கரை இங்கே வந்து நிற்கிறது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

எங்களுக்கு வேறு எண் தரவும், அவசரத்தில் மறுக்காதபடி செட்டை மாற்றவும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். "அதுக்கு முன்ன அவங்களையும் ஒரு வார்த்தை விசாரிக்கணும்" என்று யார்டுக்குப் போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். கிரேனுக்குக் குரல் கொடுக்கிறவரைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்து "சொல்லுங்க மேடம்" என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே குரல்.

அதிகாரி விசாரிக்கும் முன்பே அவர் கேட்டார்.

"மேடம், அந்த முருங்கைங்கற ஆளு அங்கதான் இருக்காவளா? அவிய கை என்னாச்சு?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன்.

"தெனமும் காலையில கேப்போம் மேடம். முருங்கை கை உள்ளன்னு ஒரு சத்தம். கொஞ்ச நேரஞ் செண்டு கை வெளியன்னு வரும். யாரு, எந்த ஊருன்னு ஒண்ணுந் தெரியாது. அன்னைக்கு நான் பேச்ச நிப்பாட்டி மூச்சு விட்ட நேரத்துல கை உள்ளன்னு ஒரு அலறல். மூட்டைய அந்தரத்துல நிப்பாட்டி, ஒருத்தரும் பேசப்படாதுன்னு சொல்லிட்டேன். நாங்க பேசுனா அவிய சத்தம் வெளிய வராதுல்லா. பொறவு ரெண்டு தடவ கை உள்ளன்னு கேட்டுது. அம்புட்டுதான். கை வெளியன்னு வரவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் வரல."

அடியில் நின்ற எங்களுக்கு வெறும் கரகரப்பாக விழுந்த அலறல், கடற்கரையில் ஒருவருக்கு முழுதாகக் கேட்டிருக்கிறது. நான் திமிர் என்று நினைத்த அந்த அதட்டல்தான் என் தம்பிக்கு வழி விட்டிருக்கிறது. செட்டுகளை அணைக்கச் சொல்லி நான் கத்தியதோடு அங்கே அவர்களுக்கு எல்லாம் பாதியில் நின்றுபோயிருக்கிறது. முகம் தெரியாத ஒருவரின் கைக்காக அத்தனை நாளும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதிகாரியின் கையிலிருந்து போனை வாங்கித் தம்பியிடம் நீட்டினேன்.

அவன் வாங்கினான். என்ன சொல்வது என்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னான்.

"முருங்கை பேசுறேண்ணே. கை வெளிய."

அந்தப் பக்கம் போனை விலக்கிக்கொண்டு அவர் யாருக்கோ உரக்கக் கத்துவது கேட்டது.

"ஏலே, முருங்கை கை வெளிய வந்துட்டுலே!"