ஸ்கேன் அறையில் வாய் மூடக் கூடாது

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கும் தொழிலில் பாதி இருட்டு, மீதி ஏசிக் குளிர். என்னைப் போல் இதில் குப்பை கொட்டும் டாக்டர்களே, உங்களுக்குத் தெரியும்: வருகிறவர்கள் திரையைத்தான் பார்ப்பார்கள், நம் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நான் ஸ்கேன் பார்க்கும் தாம்பரத்திலும் அப்படித்தான்.

யார் பக்கம்?

மூன்றாம் மாதத்தில் குழந்தையின் தலையைக் குறுக்காகப் பார்த்தால், மூளை இரண்டு பாதியாகப் பிரிந்து, இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். மேடவாக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அதைக் காட்டினேன். சிறுசேரியில் வேலை பார்க்கும் கணவர், பக்கத்திலேயே ஹெட்செட்டோடு மீட்டிங்கில் இருந்தார். "மூளை நல்லா வந்திருக்கும்மா" என்றேன். அந்தப் பெண் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்பாடா, அப்போ என் சைடுதான், டாக்டர்!"

கஸ்தூரி

கீழ்க்கட்டளை கஸ்தூரி துணிக்கடையில் வேலை பார்ப்பவர். முதல் பிள்ளைக்கு வந்தபோது பட்டாம்பூச்சியைக் காணோம். மண்டை ஓடே கூடவில்லை. மூளையாக வேண்டிய சின்னக் குழாய், 'நாள் தள்ளிப்போச்சே' என்று அம்மா யோசிக்கும் நாட்களிலேயே மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மேல்முனை திறந்தே நின்றுவிடும். அந்தப் பிள்ளை பிழைக்காது.

இதையெல்லாம் அவரை அனுப்பிய டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. அதுவரை வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டேன். அவரைக் கட்டிக்கொண்டு அழத் தோன்றியது, டிஷ்யூதான் நீட்டினேன். வயிற்றைத் துடைத்துக்கொண்டே கஸ்தூரி சொன்னார்: "நீங்க பேச்ச நிறுத்தும்போதே தெரிஞ்சுபோச்சுமா."

மறுபடியும் கஸ்தூரி

அடுத்த பிள்ளை தங்குவதற்கு முன்பிருந்தே, அந்தக் குழாய் ஒழுங்காக மூடுவதற்கு டாக்டர் சொன்ன ஃபோலிக் அமில மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, கஸ்தூரி மறுபடி வந்தார். "வூட்டுக்காரரு வெளிய கீறாருமா. உள்ள வர பயம்" என்றவர், படுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

திரையில் மண்டை ஓடு முழு வட்டமாக இருந்தது. உள்ளே இரண்டு இறக்கையும் அழகாக விரிந்திருந்தன. சந்தோஷத்தில் பேச மறந்தே போனேன். அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் விசும்பல் கேட்ட பிறகுதான் என் மடத்தனம் உறைத்தது. "ஐயோ, அழாதீங்க! மூளை இருக்கு, மண்டை ஓடு இருக்கு, கண்ணத் திறந்து பாருங்க!" என்று கத்தினேன்.

திறந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சந்தோசம்னா சிரிச்சுத் தொலைங்கமா, இப்டி கம்முனு இருந்து உசுர எடுக்காதீங்க!"

ஊரார் பிள்ளைக்கெல்லாம் மூளை வந்ததை முதலில் பார்ப்பவள் நான்தான், வீட்டுக்குப் போய் அதைச் சொல்லத்தான் ஆளில்லை.